பெருந்தன்மை வேண்டாம், பாக்கியைக் கொடுங்கள்

சாமி கும்பிடாதவர்களிடம் ஒரு கேள்வி. ஜோசியர் பரிகாரம் சொன்னால் ஆதாரம் கேட்கிறீர்கள். தட்டில் காசு போடச் சொன்னால் எதற்கு என்று கேட்கிறீர்கள். நல்லது. ஷோரூம் பில் கவுண்டரில் அந்தப் பையன், "எக்ஸ்டெண்டட் வாரண்டியும் போட்டுரலாமா சார்? எல்லாரும் போடுறாங்க" என்றபோது மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? எல்லாரும் செய்கிறார்கள் என்பது ஒரு காரணமே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்கள்தானே நாம்?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். திருச்சிக்காரர், பழைய கருப்புச்சட்டை. மகள் கல்யாணத்தை நாள் நட்சத்திரம் பார்க்காமல் நடத்தியவர். பேரனுக்கு யாரோ தாயத்து கட்டிவிட்டதற்காக உறவினர் வீட்டோடு பேச்சையே நிறுத்தியவர். அவர் 55 இன்ச் 4கே டிவி ஒன்று வாங்கினார். அன்றைக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டியோடு 64,000 ரூபாய். அதோடு ஆறாயிரம் ரூபாய்க்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி. கம்பெனி தரும் ஒரு வருடம் முடிந்த பிறகு மேலும் இரண்டு வருடம். நிபந்தனைக் காகிதம் பணம் கட்டிய பிறகு மெயிலில் வந்தது. பொடி எழுத்து, ஆங்கிலம். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் வருடத்தில் திரையில் நெட்டுக்கோடு விழுந்தது. கொஞ்ச நாளில் பாதித் திரை இருண்டுபோனது. சர்வீஸ் ஆள் வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேனல் போயிடுச்சு சார். இந்த மாடலுக்குப் பேனல் வர்றது நின்னுபோச்சு" என்றார். அப்புறம் போனில் ஒரு ஏற்பாடு சொன்னார்கள். ஒன்று, 25,000 ரூபாய்க்குக் கூப்பன். முப்பது நாளுக்குள், அதே கடையில் மட்டும் செல்லும். இல்லையென்றால் 43 இன்ச் புது டிவி. கணக்கு இப்படி: 64,000-த்தில் ஜிஎஸ்டி போக விலை 50,000. மூன்றாம் வருடம் என்பதால் தேய்மானம் 50 சதவீதம். மீதி 25,000.

"கம்பெனி ஒரு குட்வில்லா இதைத் தர்றாங்க சார்" என்றது போன்.

"வந்த வரைக்கும் லாபம்னு வாங்கிக்கோங்க. தரமாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார் ஆசிரியரின் மனைவி. ஆசிரியருக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏதோ கொடுத்தார்களே!

இந்த இடத்தில்தான் அவரோடு எனக்குச் சண்டை. பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த வாக்கை ஒருவன் பாதி நிறைவேற்றுகிறான். அதற்குப் பெருந்தன்மை என்று அவனே பெயரும் வைக்கிறான். நாம் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம். மேலே இருப்பவன் கொடுத்தால் வரம், கொடுக்காவிட்டால் நம் தலைவிதி என்ற மனநிலை இதுதான். கருவறையிலிருந்து கிளம்பிக் கால்சென்டருக்குக் குடிவந்திருக்கிறது, அவ்வளவே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கொடுத்தது 6,000. மூன்றாம் வருடத்தில் டிவி முழுதாகச் செத்தால் அதிகபட்சம் கிடைப்பது 25,000. இந்தப் பேரம் வாங்குபவருக்கு நட்டமில்லாமல் முடிய வேண்டுமானால் நான்கு டிவியில் ஏறக்குறைய ஒன்று சாக வேண்டும். இரண்டாம் வருடத்துக்கு இந்தக் காகிதத்தில் தேய்மானம் 30 சதவீதம்தான். அப்போது செத்தால் 35,000 கிடைக்கும். எல்லாச் சாவும் இரண்டாம் வருடத்திலேயே நடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆறில் ஒன்று சாக வேண்டும். போர்டு, ஸ்பீக்கர் போன்ற சின்னப் பழுதுகளுக்காகக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள். அப்போதும் ஆறேழு டிவியில் ஒன்று மூன்று வருடம் தாங்காது என்று கடைக்காரரே நம்பினால், அந்த டிவியை அவர் நம்மிடம் விற்றதே தப்பு. நம்பவில்லை என்றால் ஆறாயிரம் எதற்கு?

பொருட்களின் ஆயுளை ஆராயும் பொறியாளர்கள் குளியல்தொட்டி வளைவு என்று ஒன்றைச் சொல்வார்கள். தயாரிப்புக் கோளாறு உள்ள சரக்கு ஆரம்பத்திலேயே போய்விடும். அதைத் தாண்டிய சரக்கு பல வருடம் பெரிய தொந்தரவில்லாமல் ஓடும். கடைசியில் தேய்ந்து மறுபடியும் பழுதுகள் கூடும். ஆரம்பப் பழுதைக் கம்பெனியின் இலவச வாரண்டியே பார்த்துக்கொள்கிறது. முதுமைப் பழுது வரும்போது எந்த வாரண்டியும் உயிரோடு இருக்காது. நாம் காசு கொடுத்து வாங்குவது நடுவில் இருக்கும் பள்ளத்தை, அதாவது டிவி கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைந்த காலத்தை.

சரி, வாங்கியாயிற்று, அந்த அரிதான பழுதும் வந்தாயிற்று. இப்போது நியாயம் என்ன?

தேய்மானம் நியாயமான கணக்கு என்று ஆசிரியர் வாதாடினார். "ரெண்டரை வருஷம் பார்த்துட்டேன்ல?" டிவிக்கு அது பொருந்தலாம். ஆனால் அவர் தனியாக ஆறாயிரம் கொடுத்து வாங்கியது டிவியை அல்ல. கெட்டால் சரிசெய்து தருகிறோம் என்ற வாக்கை. அந்த வாக்கின் இரண்டாவது வருடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு எந்தத் தேய்மானமும் வரவில்லை. பழுதுபார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் டிவியின் வயதா? இல்லை. உதிரி பாகம் கையிருப்பில் இல்லை. மூன்று வருடம் பழுதுபார்ப்பதாகப் பணம் வாங்கியவர்கள் மூன்று வருடத்துக்குப் பேனலுக்கு வழி செய்திருக்க வேண்டும். செய்யாத குறை அவர்களுடையது. அதன் செலவு மட்டும் நம்முடையதா? பேனல் இருந்திருந்தால் ஒரு பைசா கேட்காமல் மாற்றியிருப்பார்களே, அப்போது தேய்மானப் பேச்சு எங்கே போயிருக்கும்?

ஜிஎஸ்டியைக் கழித்தது இன்னொரு வேடிக்கை. ஆசிரியர் 64,000 கட்டியபோது வரியும் சேர்த்துத்தான் கட்டினார். கூப்பனை வைத்துப் புது டிவி எடுக்கும்போது மறுபடியும் வரி கட்டத்தான் போகிறார். 2025 செப்டம்பரில் பெரிய டிவிகளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. பூஜ்யமாகிவிடவில்லை.

ஆனால் என் வாதம் முடிந்ததும் ஆசிரியர் மறுகோடிக்குத் தாவினார். "அப்படின்னா முழு அறுபத்து நாலாயிரத்தையும் வாங்காம விடமாட்டேன்." இதுவும் பகுத்தறிவு அல்ல. டிவி விலை வருடா வருடம் இறங்குகிறது. அன்றைக்கு 64,000 விலையில் இருந்த அதே தரம் இன்று கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். அவருக்குச் சேர வேண்டியது அதே அளவு, அதே தெளிவு, அதே வசதிகள் உள்ள, ஓடுகிற ஒரு டிவி. அல்லது இன்றைக்கு அப்படியொன்றை வாங்கப் போதுமான பணம். 43 இன்ச் அதற்கு ஈடாகாது. 64,000 அதற்கு மேல். கோபம் வந்துவிட்டது என்பதற்காக உரிமை வளர்ந்துவிடாது.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை ரிமோட்டை எறிந்து திரையை உடைத்திருப்பான். அப்பா சர்வீஸ் ஆளிடம், "தானா கோடு விழுந்துச்சுங்க" என்பார். அடிபட்ட பேனலில் ஒரு புள்ளியிலிருந்து விரிசல் சிலந்திவலை மாதிரி ஓடியிருக்கும். பத்து டிவியைப் பிரித்துப் பார்த்த யாருக்கும் அது தெரியும். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான், நானும் ஏமாற்றினால் என்ன என்கிறவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள்? அடுத்து உண்மையைச் சொல்லி நிற்கப்போகிற ஆளை. அவர் சொல்லை இனி யாரும் நம்பமாட்டார்கள்.

மூடநம்பிக்கை வாடிக்கையாளர் பக்கம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆயுத பூஜை முடிந்த சில வாரங்களில் கெட்டுப்போன டிவி ஒன்றைப் பார்க்க வந்த சர்வீஸ் ஆள், முதலில் செய்த வேலை, கீழ்ச்சட்டத்தில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டை செல்போனில் படம் எடுத்ததுதான். அறிக்கையில், 'திரவம் உள்ளே போனதால் பழுது, வாரண்டி செல்லாது' என்று எழுதிவிட்டார். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக இறங்கினால் பேனலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புப் பட்டைகள் கெடும் என்பது மெய்தான். ஈரத்துணியால் திரையைத் துடைப்பவர்களும் கவனிக்க வேண்டியது அது. ஆனால் உள்ளே ஈரத்தின் தடம் இருந்ததா, துரு இருந்ததா என்று ஒரு வரி இல்லை, ஒரு படம் இல்லை. பொட்டு வைத்தார்கள், டிவி போயிற்று, ஆகவே பொட்டால் போயிற்று! பூனை குறுக்கே போனதால் காரியம் கெட்டது என்பவருக்கும் இந்த அறிக்கைக்கும் தர்க்கத்தில் என்ன வித்தியாசம்? டிவிக்குப் பொட்டு வைப்பது அசட்டுத்தனம் என்பதுதான் என் கருத்து. அதற்காக அந்த வீட்டார் வாரண்டியை இழக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். குற்றம் சாட்டுபவன்தான் நிரூபிக்க வேண்டும். பக்தனுக்கு எதிராகவும் அதே விதிதான்.

"படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோமே" என்பது எல்லோரும் சொல்கிற சமாதானம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே, இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் புரிந்துகொண்டு இசைவதைத்தான் சம்மதம் என்கிறது. பணம் கட்டிய பிறகு வந்த நிபந்தனைக்கு முன்கூட்டியே எப்படிச் சம்மதித்திருக்க முடியும்? 2019-ல் பயனியர் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில், வாங்குபவருக்கு வேறு வழியில்லாமல் கையெழுத்திட்ட ஒருதலையான நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் நுழைப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் சொன்னது. அது அடுக்குமாடி வீட்டு வழக்கு. தர்க்கம் டிவிக்கு மாறிவிடுமா? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே கணக்கில் வைக்கிறது. "மூணாவது வருஷம் பாதி விலைதான் கிடைக்கும் சார்" என்று பில் போடும்போது சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஆறாயிரத்தை எடுத்து நீட்டியிருப்பார்கள்? ஆன்லைனில் கேட்காமலேயே கூடையில் வாரண்டியைச் சேர்த்துவிடும் தந்திரத்தையும் 2023 நவம்பரில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்துவிட்டன.

நாட்டில் எத்தனையோ அநியாயம் இருக்க, ஒரு டிவிக்காகவா இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வியாபாரம் ஓடுவதே அந்தக் கேள்வியால்தான். பெரும்பாலோர் கூப்பனை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் பாதித் தொகை பேசப்படுகிறது. ஆசிரியருக்குப் பென்ஷன் வருகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியும். வாதாடப் பொழுதும் இருக்கிறது. அதே கடையில் தவணையில் டிவி எடுத்த தையல்காரம்மாவுக்கு இந்த மூன்றும் இல்லை. அவர் கேட்க முடியாது. கேட்க முடிந்தவரும் கேட்காமல் போனால் அந்தப் பாதித் தொகை வழக்கமாகிவிடும். தையல்காரம்மாவுக்கும் அதே வழக்கம்தான் நீட்டப்படும். விட்டுக்கொடுப்பது நல்ல குணம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சொந்தப் பணத்தை விட்டுக்கொடுங்கள், தடுக்கமாட்டேன். அடுத்தவருக்குப் போக வேண்டிய நியாயத்தை விட்டுக்கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

இதற்காகப் போனில் பேசும் பெண்ணைத் திட்டாதீர்கள். அவர் எதிரே இருக்கும் கணினியில் எழுதியிருப்பதைத்தான் படிக்கிறார். அவரைக் கத்தித் தீர்த்துவிட்டு, "நல்லா கேட்டுட்டேன்" என்று மார்தட்டுவதும் ஒரு சடங்குதான். அதனால் ஒன்றும் நடக்காது. எழுத்தில் கேளுங்கள். பேனல் கிடைக்காது என்பதைக் கடிதமாகத் தரச் சொல்லுங்கள். தேய்மான நிபந்தனை பணம் கட்டுவதற்கு முன் உங்களிடம் காட்டப்பட்டதற்கு என்ன சான்று என்று கேளுங்கள். கடை கம்பெனியைக் காட்டும், கம்பெனி வாரண்டி நடத்துபவரைக் காட்டும், அவர் காகிதத்தைக் காட்டுவார். மூவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒரு நுணுக்கம்: ஒப்பந்தமே அநியாயமானது என்று அறிவிக்கக் கேட்டால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்; சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று கேட்டால் மாவட்டமே போதும்.

அதுவரை கூப்பனைத் தொடாதீர்கள். வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். கையெழுத்துக்கு மேலே, 'மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும்.