மருந்துச் சீட்டில் நம்ம பேரு



தூக்கம் வரலே, உடம்பெல்லாம் வலின்னு கிளினிக்குக்குப் போற ஒரு பாட்டிக்கு டாக்டர் மாத்திரை தரலாம். ஆனால் அவருடைய வலிக்கு வேர் தனிமை என்றால், மாத்திரை எதைக் குணமாக்கும்? இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் 'சமூகப் பரிந்துரை'. கிளினிக்கில் ஓர் இணைப்புப் பணியாளர் இருப்பார். நோயாளியோடு நிதானமாக உட்கார்ந்து பேசி, அவருக்கு ஏற்ற பாட்டு வகுப்பு, நடைப்பயிற்சிக் குழு, சமூகநல இலாகா என்று சேர்த்துவிடுவார். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, 2019இல் வெளியிட்ட திட்டத்தில் 1,000க்கும் மேற்பட்ட இணைப்புப் பணியாளர்களை நியமிப்பதாக அறிவித்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் வட்டார அலுவலகம் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. மலேசியாவும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

இதை நம்ம கோலசிலாங்கூர் பக்கம் வைத்துப் பார்ப்போம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் லயன் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்து கொடுக்கும் தோட்ட டிரஸ்ஸர் எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருந்தன. அது பொற்காலம் இல்லைங்க. வேலை போனா வீடும் போகும் என்ற பயத்தோடு வாழ்ந்த காலம். ஆனாலும், ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியலேன்னா பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிடும். பிறகு நிலம் கைமாறியது. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வேலைக்குப் போனார்கள். பெரியவர்கள் பலர் தாமான் வீட்டிலோ அடுக்குமாடியிலோ டிவியோடு இருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கே போய் வரும் செலவு அதைப்போல் பல மடங்கு.

இங்கேதான் தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வி வருது. டாக்டர் இந்தப் பாட்டியை நம்மகிட்ட அனுப்பினால், அது நமக்குக் கிடைத்த சேவையா, இல்லை அரசாங்கம் தன் கடமையை நம் தலையில் கட்டுவதா?

நான் சிவில் இஞ்சினியரிங் படிக்கிறவன். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, பாரம் மாயமாய் மறையாது என்பதுதான். தளத்தின் பாரம் உத்தரத்துக்குப் போகும், உத்தரம் அதைத் தூணுக்குக் கொடுக்கும். கீழே தூண் இல்லாவிட்டால் உத்தரம் எவ்வளவு அழகா இருந்தும் பயனில்லை. இணைப்புப் பணியாளர் அந்த உத்தரம் மாதிரி. தூண் யார் என்பதைப் பாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிகிச்சை, வீடு, உதவித்தொகை, பஸ் வசதி இவையெல்லாம் அரசாங்கமும் முதலாளியும் தாங்க வேண்டியவை. நாம் பஜனைக்குக் கூப்பிட்டுவிட்டு அவற்றைக் கேட்காமல் இருந்தால், அது சேவை ஆகாது. அநியாயத்துக்குத் துணை போவதாகும். ஆனால் பேச்சுத்துணையை எந்த இலாகாவும் தர முடியாது. அந்தப் பாரம் நம்முடையது.

இன்னொரு கேள்வியும் உண்டு. சீட்டுப் பார்த்துச் செய்வது சேவையாகுமா? அன்பு தானாக வர வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். எனக்கு என்னமோ, தானாக வரும் அன்பு பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தின வாரம்தான் வருகிறது. அரிசி மூட்டை கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், கிளம்பிடறோம். அந்தப் பாட்டிக்கு அரிசிதான் வேணுமான்னு கேட்டோமா? இணைப்புப் பணியாளர் முதலில் கேட்பது, 'உங்களுக்கு எது முக்கியம்?' என்பதைத்தான். அவர் 'எனக்குத் தாலாட்டு நிறையத் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை' என்று சொல்லலாம். அப்படியானால் தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் பாட்டுச் சொல்லித் தரட்டும். வாங்கும் கையை மட்டுமே நீட்டிப் பழகியவர் கொடுக்கத் தொடங்கினால், முதுகு தானா நிமிரும்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடு வேண்டும். ஒன்று, நாள் தவறாமை. புதன்கிழமை ஆறு மணி என்று சொன்னால், பரீட்சை வந்தாலும் மழை பெய்தாலும் கோயில் மண்டபத்தைத் திறக்க ஒருத்தர் இருக்கணும். ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது சந்தேகம். இரண்டாவது, வாய்க்கட்டு. ஒருத்தருடைய நோயும் கடனும் குடும்பச் சண்டையும் அன்னதானப் பந்தியில் பேச்சாகக் கூடாது. நம்ம ஊரில் பெரியவர்கள் மனம் திறக்காததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

தனிமை மதம் பார்த்து வருவதில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தாத்தாவுக்கு மண்டபம் சரிப்படாது என்றால், பொது மண்டபத்திலோ திடலிலோ கூடலாம்.

அரசாங்கம் திட்டம் போடும்வரை காத்திருக்கணும்னு எனக்குத் தோணலே. உங்கள் கிளையில் வாரம் ஒரு மணி நேரம் ஓராண்டு முழுக்கத் தரக்கூடிய மூன்று பேர் இருந்தால் போதும். நாளையும் நேரத்தையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்துக் கிளினிக் தாதியிடம் கொடுங்கள். மூன்று பேர் தேறாவிட்டால் அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள். தூண் நின்ற பிறகுதான் பாரம் ஏற்ற வேண்டும்.