சும்மா போவது தப்பா?

போன வருடம் எங்கள் பகுதியில் மாணவர்களுக்காக இரண்டு நாள் முகாம் ஒன்று நடத்தினோம். முதல் அமர்வில் வழக்கம்போல அறிமுகம். பெயர், ஊர், படிப்பு, பொழுதுபோக்கு. முன்வரிசையில் இருந்த நாலைந்து பேர் ‘புத்தகம் வாசித்தல்’ என்றார்கள். அதில் பாதி பொய் என்பது எனக்குத் தெரியும். அந்த வயதில் நானும் விண்ணப்பப் படிவங்களில் இதே பொய்யைத்தான் எழுதினேன். ஒரு பையன் மட்டும் எழுந்து, “ஞாயித்துக்கெழம பைக்க எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆர். ரோட்டுல வேம்பார் வரைக்கும் தனியா போவேன்க்கா. வழியில கடலு, உப்பளம், பனை எல்லாத்தையும் போட்டோ எடுப்பேன். வேற ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்றான். பின்னாலிருந்து மூத்த தோழர் ஒருவர் குரல் கொடுத்தார்: “சேரி பத்தி எரியுது, தம்பிக்கு ஊர் சுத்தக் கேக்குதாக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். பையன் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் இரண்டு நாளும் அவன் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டான்: “அக்கா, சும்மா போறது தப்பா?”

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்வியை நான் பதினாறு வயதிலேயே சந்தித்திருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தது. பள்ளிக்கூடம் போகக் கொடுத்த சைக்கிள். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நானும் என் சிநேகிதியும் கடல் பார்க்கக் கிளம்பினோம். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்ன அதிசயமா என்று கேட்கலாம். எங்கள் காலனிக்கும் கடலுக்கும் நடுவில் உப்பளம் கிடந்தது. எங்கள் சனங்களின் கால் உப்பளத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் போக எங்களுக்கு ஒரு சோலியும் கிடையாது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியை அடையாளம் வைத்துக்கொண்டு மிதித்தோம். கடலைப் பார்த்தோம். கரையில் கிடந்த சோழி, சிப்பி, உடைந்த சங்கு என்று பள்ளிக்கூடப் பையில் அள்ளிக் கட்டினோம். வீட்டுக்குக் கொண்டுபோய் நோட்டில் அவற்றைப் படம் வரைய வேண்டும் என்பது என் திட்டம். அவ்வளவுதான் எங்கள் சாகசம்.

திரும்பும் வழியில் ஓர் ஊர். பெட்டிக்கடையில் தண்ணீர் கேட்டு நின்றோம். பெஞ்சில் இருந்த ஆட்கள் விசாரித்தார்கள்.

“யாரு வீட்டுப் பிள்ளைய? எங்க போயிட்டு வாறீய?”

“கடலப் பாக்கப் போனோம்.”

“என்ன சோலியா?”

“சும்மாதான்.”

அந்தச் சொல்தான் வினையாகிவிட்டது. “சும்மாவா? காலனிப் பிள்ளையளுக்குச் சும்மா சுத்த சைக்கிள் கேக்குதோ?” என்று ஒருத்தன் எழுந்து வந்தான். இரண்டு சைக்கிளிலும் வால்டியூப்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். வீடு வரை உருட்டிக்கொண்டே வந்தோம்.

அன்றைக்கு ராத்திரி அம்மா என்னை விளக்குமாற்றால் அடித்தாள். அடித்துவிட்டு அவள் சொன்னதுதான் எனக்கு வாழ்க்கைப் பாடம். “ஏட்டி, அளத்துல ஆத்தாளுக்குக் கஞ்சி கொண்டு போனோம்னு சொல்ல வேண்டியதுதான? விட்டிருப்பானுவள்லா. சும்மா போனேன்னு எவளாவது சொல்லுவாளாட்டி?”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கஞ்சி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ரோட்டில் எங்கள் உடம்பு நடமாட ஒரு காரணம் வேண்டும். கூலிக்குப் போகிறோம், விறகுக்குப் போகிறோம், இழவு சொல்லப் போகிறோம் என்றால் பாதை திறக்கும். வேலையோடு பொருத்திப் பார்க்க முடியாத தலித் உடம்பை ஊர் சகித்துக்கொள்வதில்லை. தீண்டாமை என்றால் கிணறு, கோயில், டீக்கடைக் குவளை என்று பட்டியல் போட்டுப் பேசுகிறோம். அந்தப் பட்டியலில் வராத ஒன்று இந்தச் ‘சும்மா’. காரணம் சொல்லாமல் இருப்பதற்கும், காரணம் இல்லாமல் சந்தோசப்படுவதற்கும் உள்ள உரிமை.

பிறகு எம்.ஏ. தமிழ் படிக்கப் போன இடத்தில் இதே சொல் வேறு வேசத்தில் வந்து நின்றது. சும்மா இருத்தலின் பெருமையை ஞானிகள் பேசியிருக்கிறார்கள். அது எத்தனை அரிய நிலை என்பதைத் தாயுமானவர் பாடினார் என்று பேராசிரியர் உருகி உருகிச் சொன்னார். எனக்கு வால்டியூப் ஞாபகம் வந்தது. மடத்தில் ஒருத்தர் சும்மா இருந்தால் அது ஞானம். காலனியில் ஒருத்தன் சும்மா இருந்தால் சோம்பேறி, ரவுடி, ஊர் சுத்தி. மடத்து நிலத்தில் யாரோ குனிந்து நாற்று நட்டதால்தானே உள்ளே இருந்தவர் நிமிர்ந்து சும்மா இருக்க முடிந்தது? ஒரு கூட்டத்துக்கு ஓய்வும் இன்னொரு கூட்டத்துக்கு ஓயாத உழைப்பும் என்று பிரித்து வைத்ததற்குப் பெயர்தான் சாதி.

தேவையைக்கூடச் சாதி சில நேரம் பொறுத்துக்கொள்ளும். வயிற்றுக்குச் சோறு, உடம்பில் ஒரு துணி என்பதோடு நின்றால் சரி. அதற்கு மேல் ஒரு துளி சந்தோசம் வந்தால்தான் அதற்கு வெறி பிடிக்கிறது. ராஜஸ்தானத்தில் அன்றைய ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா என்ற ஊரில் நடந்ததை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதியிருக்கிறார். யாத்திரை முடித்து வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் சனத்துக்கு நெய் ஊற்றி விருந்து வைத்தார். சாதி இந்துக்கள் தடியோடு வந்து அடித்து விரட்டிச் சாப்பாட்டைப் பாழாக்கினார்கள். கஞ்சி குடித்திருந்தால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். நெய் என்பதுதான் குற்றம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியன்குளத்துக்குள் போலீஸ் படை புகுந்தது. ஆட்களை அடித்ததோடு அது போய்விடவில்லை. டி.வி.யை உடைத்தது, மின்விசிறியை உடைத்தது, டேப் ரிக்கார்டரை உடைத்தது, தையல் மிஷினை உடைத்தது. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் அழித்தது. குடிநீர்க் கிணற்றில் விஷத்தைக் கலந்தது. இதைச் சொத்துச் சேதம் என்று கணக்கெழுதி முடித்துவிடலாம். ஆனால் டேப் ரிக்கார்டர் என்ன ஆயுதமா? சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் பாட்டுக் கேட்கிற பெட்டி. மின்விசிறி என்பது புழுக்கத்தில் சும்மா படுத்திருக்க ஒரு காற்று. அந்தச் சாயங்காலத்தின் மேல்தான் லத்தி விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

அதே 1995-க்கான அர்ஜுனா விருது இதே மாவட்டத்து மணத்தியைச் சேர்ந்த கபடி வீரர் கணேசனுக்குக் கிடைத்தது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர் அவர். அவர் வாழ்க்கையை வைத்து மாரி செல்வராஜ் 2025-இல் ‘பைசன்’ என்று படம் எடுத்தார். நாம் கைதட்டிப் பார்த்தோம். ஆனால் அதே 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்த பகைதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதற்கு முந்தின மாதம் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் வண்டி ஓட்டியதைச் சொல்லித்தான் வெட்டினார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் புகார். நெய், டேப் ரிக்கார்டர், கபடி, புல்லட். இவற்றில் எது இல்லாவிட்டாலும் மனிதன் செத்துப்போக மாட்டான். இருந்தால், ‘இவனும் நம்மைப் போலச் சந்தோசமாக இருக்கிறானே’ என்று எதிரே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் வேம்பார் வரை சும்மா போகிற பையனைப் பார்த்துச் சிரித்த நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? பெட்டிக்கடைப் பெஞ்சிலிருந்து வந்த கேள்விக்கும் நம் தோழர் கேட்டதற்கும் என்ன வித்தியாசம்? நோக்கம் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். தோழர் முப்பது வருடம் போராட்டத்தில் அடிபட்டவர். ஆனால் கேள்வி ஒன்றுதான்: “என்ன சோலியா போற?” முன்பு ஊருக்குக் காரணம் சொன்னோம், இப்போது இயக்கத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமா?

விடுதலை முதலில் வரட்டும், பொழுதுபோக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. 1945-இல் எழுதிய ‘காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?’ நூலில் காந்தியத்தை மறுக்கிற இடத்தில் அவர் ஓய்வைப் பற்றி வாதிடுகிறார். விலங்கிலிருந்து மனிதனைப் பிரிப்பது பண்பாடு, ஓய்வில்லாமல் பண்பாடு இல்லை, அந்த ஓய்வை எல்லோருக்கும் கொடுக்கத்தான் இயந்திரம் வேண்டும் என்பது அவர் வாதம். பேச்சோடும் நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவரிடம் இருந்தது. 1946-இல் வந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்த வேலையை 48 ஆகக் குறைத்தது. அந்த மனிதர் கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். அவரைவிடச் சோலி அதிகம் உள்ளவர் நம்மில் யார்?

ஆனாலும் எனக்குள் ஒரு நெருடல் உண்டு. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நான் நோட்டில் சங்கு வரைந்துகொண்டிருந்த விடிகாலைகளில் அம்மா அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பிப் போவாள். உப்புத்தண்ணீர் பட்டுக் கால்வெடிப்பு ஆறவே ஆறாது. வெள்ளை உப்பில் வெயில் தெறித்துக் கண் பார்வை மங்கிப்போனது. என்னுடைய ‘சும்மா’ அவள் முதுகிலிருந்து எடுத்ததுதான். மடத்து ஞானியைக் குறை சொன்ன நானும் வீட்டுக்குள் அதைத்தானே செய்தேன்?

மழைக்காலத்தில் அவளுக்கும் நேரம் இருந்ததே என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அளம் மூடிக் கிடக்கும். வேலை இல்லை, கூலி இல்லை, அடுத்த சீசன் கூலியில் கழிக்க முன்பணம் வாங்கி உலை வைக்க வேண்டும். வேலையில்லாமல் கிடப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைக்க முடியாது. நாளைக்குச் சோறு உண்டு என்று தெரிந்தவர் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் அது ஓய்வு. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல்தான் வந்தது. ஆகவே ‘சும்மா’வுக்கான உரிமை என்று நான் பேசுவது கூலி, வேலை நேரம், வேலையில்லாக் காலத்துச் சோறு ஆகியவற்றோடு சேர்ந்த பேச்சு. அதை விட்டுவிட்டுப் பைக் விளம்பரம் காட்டுகிற சந்தோசத்தை மட்டும் நான் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு விசயம் உறைத்தது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மா அளத்தில் யாரும் கவனிக்காத மூலையில் ஓர் உடைமரக் குச்சியைக் கெட்டித் தண்ணீரில் குத்தி வைப்பாள். நாலைந்து நாளில் குச்சி முழுக்க உப்புப் பூத்துக் கண்ணாடி மாதிரி மினுங்கும். சேலைத் தலைப்பில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மாடாக்குழியில் வைப்பாள். கிளை கிளையாக எந்தக் குச்சி நன்றாகப் பூக்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. மழை ஈரத்தில் அது கசிந்து கரைந்துவிடும். சீசன் வந்தால் மறுபடி ஒன்று வைப்பாள். “எதுக்கும்மா இது?” என்று கேட்டிருக்கிறேன். “சும்மாதான்” என்பாள்.

என்னை அடித்த அதே அம்மா. அவளுக்கும் ஒரு ‘சும்மா’ இருந்திருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் ஒளித்து வைத்துக்கொண்டாள். ரோட்டில் அதை வாய்விட்டுச் சொன்னதற்குத்தான் என்னை அடித்தாள். அவள் வாழ்க்கையைப் பற்றி நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். கால்வெடிப்பைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், முன்பணத்தைச் சொன்னேன். உப்புக் குச்சியை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நம் சாட்சியங்களில் காயத்துக்கு இருக்கிற இடம் விளையாட்டுக்கு இல்லை. 1992-இல் வந்த ‘கருக்கு’ நூலில் பாமா அடியையும் பசியையும் எழுதியதோடு, தெருப்பிள்ளைகள் ஆடிய விளையாட்டுகளையும் விலாவாரியாக எழுதினார். அதைப் படித்துவிட்டு நாம் காயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். காயத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நம்மை வேலை செய்கிற உடம்பாகப் பார்ப்பவனுக்கு, நாம் அடிபடுகிற உடம்பாக மட்டுமே தெரிவோம்.

தம்பி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். சும்மா போவது தப்பில்லை. போ. ஜாக்கிரதையாகப் போ, ஏனென்றால் பெட்டிக்கடைப் பெஞ்சு இன்னும் காலியாகவில்லை. அதைக் காலி செய்கிற வேலைக்குக் கூட்டம் இருக்கிறது, அதற்கும் வந்து சேர். போட்டோக்களைக் கொண்டு வா, அடுத்த முகாமில் சுவரில் ஒட்டுவோம். மூத்த தோழரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வோம். அவருக்கும் ஏதாவது ஒரு குச்சி இருந்திருக்கும். யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.