சரக்குச் சீட்டில் தெய்வம்

பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறு வழியாகவும், இடுக்கி மலையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே ஓடும் லாரிகளில் ஏலக்காய், தேயிலை, அரிசி, காய்கறி என எது ஏறினாலும், சரக்கோடு ஒரு காகிதமும் உடன் செல்கிறது. புக்கிங் ஆபீஸில் எல்.ஆர். என வழங்கும் அந்த லாரி ரசீது, அனுப்புநர் யார், பெறுநர் யார், எத்தனை உருப்படி, என்ன எடை, வாடகை முன்பே கட்டப்பட்டதா அல்லது பெறுநர் கட்ட வேண்டிய ‘டூ பே’ வகையா என்பவற்றைக் குறிப்பதோடு, சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ஒப்புதலாகவும் அமைகிறது. அந்த ஒப்புதலுக்குப் பின் சரக்கின் உரிமை ஒருவரிடமும் அதைக் காக்கும் பொறுப்பு மற்றொருவரிடமும் இருக்கின்றன. வழியில் சரக்கு அழிந்தால் இழப்பு யாரைச் சேரும் என்ற வினாவுக்குச் சட்டம் தரும் விடையில்தான் தெய்வத்தின் பெயர் வருகிறது.

வாடகை பெற்று எவருடைய சரக்கையும் பேதமின்றி ஏற்றிச் செல்பவர் பொதுச் சரக்கேற்றுநர் எனப்படுவார். 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், ஒப்படைத்த சரக்கின் இழப்புக்கு அவரே பொறுப்பென விதித்துவிட்டு, தெய்வச்செயல், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசின் தடை ஆகியவற்றுக்கு விலக்களிக்கிறது. இவற்றுள் தெய்வச்செயல் என்பது மனிதர் தலையீடு இன்றி இயற்கை ஆற்றல்களால் விளைந்து, உரிய கவனத்தாலும் தடுக்க இயலாத கேட்டைக் குறிக்கும். மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து கம்பிவடப் பாதையில் போடிப் பக்கம் இறக்க உதவிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அழித்ததை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கேட்டின் காரணங்களை இவ்வாறு பகுத்துக் காண்பது தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதன்று. திருக்குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், பிறவித் துன்பங்களைத் தன்னைப் பற்றி வருவன, பிற உயிர்களைப் பற்றி வருவன, தெய்வத்தைப் பற்றி வருவன என மூன்றாகப் பிரிக்கிறார். சாங்கிய நூல்களிலும் இப்பகுப்பு உண்டு. சரக்குச் சட்டத்தின் வகைகள் இதனோடு பெரிதும் பொருந்துகின்றன. காய்கறி அழுகுவது போலப் பொருளின் தன்மையிலேயே உள்ள குறை இயல்புக் கேடு எனப்படும். இது தன்னைப் பற்றி வருவது. திருட்டும் கொள்ளையும் பிற உயிர்களைப் பற்றி வருவன. பெருவெள்ளமும் நிலச்சரிவும் தெய்வத்தைப் பற்றி வருவன. லாரியில் சென்ற சரக்கைக் கும்பல் ஒன்று கொள்ளையிட்ட வழக்கில், அது தெய்வச்செயல் ஆகாதெனக் கேரள உயர்நீதிமன்றம் கூறிய தீர்ப்பு 1971ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. இங்கிலாந்தில் 1785ஆம் ஆண்டிலேயே, தீயில் சரக்கு எரிந்தபோது, மின்னலால் மூளாத தீ மனிதரால் மூண்டதே எனக் கொண்டு நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு ஏற்றிச் சென்றவரைப் பொறுப்பாக்கினார்.

எனினும் கேடு இயற்கையால் வந்தது என்று காட்டுவது மட்டும் போதாது. உரிய விழிப்போடு நடந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புக்கு விலக்கு இல்லையென 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பிடுகிறது. பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் எச்செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்லும்போது, செயலுக்கு இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள் ஆகிய நான்கையும் கூறிய பின்னரே தெய்வத்தை ஐந்தாவதாக வைக்கிறது. மழையில் நனைந்து நிறம் கெட்ட ஏலக்காய்க்கும் இதே முறையில்தான் கணக்குப் பார்க்க வேண்டும்: ஓட்டுநர் தூங்காமல் ஓட்டினாரா, தார்ப்பாய் கிழியாமல் இருந்ததா, மழை எச்சரிக்கையைக் கேட்டு வண்டி நிறுத்தப்பட்டதா என்ற வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே மழையைக் காரணமாக்க முடியும்.

எல்லாம் சிவன் செயல் என்னும் சைவர், இழப்பில் மட்டும் தெய்வத்தின் பெயரைச் சொல்லும் சட்டத்தைக் குறையுடையதாகக் கருதலாம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகிய ஐந்தொழிலும் இறைவனுடையவை எனில், சரக்கு பழுதின்றிச் சேர்வதும் அவன் செயலே. ஆனால் அதே சைவ சித்தாந்தம் வினையை உயிருக்கு உரியதாகவும், வினைப்பயனை அவ்வுயிரிடம் சேர்ப்பவனாக இறைவனையும் கொள்வதால், அங்கும் செய்தவரின் பொறுப்பு கரைந்துவிடுவதில்லை. திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் அளித்துவிட்டு, ஆள்வினையுடைமை என முயற்சிக்கும் தனியே ஓர் அதிகாரம் அளித்துள்ளது.

தெய்வச்செயல் என்று தீர்ப்பானால் அழிந்த சரக்கின் விலையைத் தெய்வம் தருவதில்லை. காப்பீடு இல்லையெனில் அந்த இழப்பு சரக்குக்கு உரிய விவசாயியின் அல்லது வியாபாரியின் தலையிலேயே விழுகிறது. ஆகவே அச்சொல்லை எடுத்தாள்பவர் தம் கடமையை முழுதும் செய்தவராக இருத்தல் வேண்டும். எடையை வரம்புக்குள் வைத்து, தார்ப்பாயை இறுகக் கட்டி, எச்சரிக்கைக்குச் செவிகொடுத்த பின்னரும் மலை சரிந்தால் அதைத் தெய்வத்தின் கணக்கில் எழுதலாம். இவற்றைச் செய்யாமல் எழுதுவது சட்டத்தின் முன் பொய்வழக்கு, சமயத்தின் முன் இறைநிந்தனை.