பார்த்தேன் என்று எழுதுவது

கப்பலின் இன்ஜின் ரூமில் மிக அதிகமாக எழுதப்படும் சொல் 'பார்த்தாச்சு' என்பதுதான். 'செக்டு' என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டு ஒரு கையெழுத்து. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். பனமரத்துப்பட்டியிலிருந்து கிளம்பிப் போய் ஒன்பது ஆண்டுகளாகக் கப்பல் இன்ஜின்களோடு வேலை செய்கிறேன். இந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. இவ்வளவு முறை எழுதப்படும் ஒரு சொல்லில் பொருள் ஏதாவது மிச்சம் இருக்குமா? இன்னும் நேராகக் கேட்டால், யாரும் திரும்பிச் சரிபார்க்க முடியாத இடத்தில் ஒரு மனிதன் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்?

முதலில் 'பார்ப்பது' என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரில் கேட்பார்கள், "இன்ஜின்னா லாரி இன்ஜினாட்டம் பெருசா இருக்குமுங்களா?" நாலு மாடி வீட்டை நினைச்சுக்கோங்க என்பேன். பெரிய கன்டெய்னர் கப்பலில் ஒரு சிலிண்டரின் உள்விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் மூன்று மீட்டருக்கு மேல். ஓடும்போது அதற்குள் எதையும் பார்க்க முடியாது. நங்கூரம் போட்டிருக்கும்போதோ துறைமுகத்திலோ நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். இன்ஜினை டர்னிங் கியரில் மெதுவாகச் சுற்றவிட்டால், லைனரின் அடியில் இருக்கும் துளைகள் வழியாக பிஸ்டன் ரிங்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். டார்ச் அடித்து, உடைந்திருக்கிறதா, கரி பிடித்து ஒட்டியிருக்கிறதா என்று மரக்குச்சியால் அழுத்திப் பார்ப்போம். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகிற ரிங் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கிராங்க்கேஸ் இன்னொரு உலகம். இன்ஜின் நின்று குறைந்தது அரை மணி நேரம் ஆறிய பிறகுதான் கதவைத் திறக்கலாம். சூடான எண்ணெய் ஆவி, காற்று, ஒரு சூட்டுப் புள்ளி மூன்றும் சேர்ந்தால் வெடிக்கும். 1947-ல் 'ரெய்னா டெல் பசிபிகோ' என்ற பயணிகள் கப்பல், பழுது பார்த்து முடித்தபின் சோதனை ஓட்டம் போனபோது கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். உள்ளே இறங்குகிறவன் சட்டைப்பையில் பேனாகூட இருக்கக் கூடாது. ஸ்பேனர்களை எண்ணி எடுத்துப்போய் எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும். கால் வைக்கிற இடமெல்லாம் எண்ணெய் வழுக்கும். பேரிங் இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும், அடியில் வெள்ளை உலோகத் துணுக்கு விழுந்திருக்கிறதா என்று தேட வேண்டும், ஒவ்வொரு நட்டையும் அதன் பூட்டுத் தகட்டையும் பார்க்க வேண்டும். ஆறாவது யூனிட் முடிந்து ஏழாவது கதவுக்கு வரும்போது உடம்பு போதும் என்கிறது. ஆறும் நல்லாத்தானே இருந்துச்சு, ஏழும் அப்படித்தான் இருக்கும் என்று மனசு சேர்ந்துகொள்கிறது.

இங்கேதான் சிக்கல். மனசு சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏழாவதும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்காமலே 'பார்த்தாச்சு' என்று எழுதினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை ஒன்றும் ஆகாது. எனவே 'மாட்டிக்கொள்வாய்' என்கிற பயம் இந்த இடத்தில் வேலைக்கு ஆகாது. பயத்தின் மேல் கட்டிய நேர்மை, பயப்படத் தேவையில்லை என்று தெரிந்த நாளில் இடிந்துவிடும்.

1877-ல் டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், நம்புவதன் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். அவருடைய கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. வேறு தேசத்தில் குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்ப வேண்டும். சந்தேகம் வருகிறது. இத்தனை பயணம் பத்திரமாகப் போய் வந்த கப்பல் இதுவும் போய் வந்துவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்தி, மனசார நம்பி வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இன்சூரன்ஸ் பணம் வந்துவிடுகிறது. அவர் குற்றவாளி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கிளிஃபோர்ட் அடுத்துத்தான் முக்கியமான கேள்வியைக் கேட்கிறார். கப்பல் மூழ்காமல் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் குற்றம் ஒரு துளியும் குறையாது என்கிறார். அவர் நம்பியது உண்மையாக முடிந்ததா என்பது அவருக்குப் பொருட்டில்லை. கையில் இருந்த ஆதாரத்தை வைத்து அப்படி நம்ப உரிமை இருந்ததா என்பதே கேள்வி.

இதை நான் ஏற்கிறேன், ஆனால் இது போதவில்லை. கிளிஃபோர்டின் முதலாளிக்கு லாபம் இருக்கிறது. ஏழாவது கதவின் முன் நிற்கும் நான்காம் இன்ஜினியருக்கு என்ன லாபம்? ஒரு மணி நேரத் தூக்கம். அவன் பேராசைக்காரன் இல்லை, களைத்தவன். இன்னொரு வித்தியாசமும் உண்டு. முதலாளி தனக்குத்தானே பொய் சொல்கிறார். இவன் எழுதுவதோ இன்னொருவர் படிப்பதற்கு. இன்றைய கப்பல்கள் பலவற்றில் இரவில் இன்ஜின் ரூமில் யாரும் இருப்பதில்லை. டியூட்டி இன்ஜினியர் ராத்திரி ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாம் பார்த்து எழுதிவிட்டு, அலாரம் கேபினில் அடிக்கும்படி வைத்துவிட்டுப் படுக்கப் போவார். கப்பலில் இருபது சொச்சம் பேர் அந்த எழுத்தை நம்பித்தான் தூங்குகிறார்கள். ஆக 'பார்த்தாச்சு' என்பது தூங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்படும் சாட்சி. தூங்குகிறவனிடம் பொய் சொல்வதில் ஒரு தனிக் கேவலம் இருக்கிறது. அவனால் திரும்பிக் கேட்க முடியாது.

தூங்குகிறவர்கள் கப்பலில் மட்டும் இல்லை. 2024 மார்ச் 26, அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' என்ற 300 மீட்டர் நீளக் கப்பல் மின்சாரம் இழந்தது. திரும்ப வந்தது, மறுபடி போனது. ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதிப் பாலம் சரிந்தது. மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். பைலட்டுகள் கொடுத்த அபாய அழைப்பால் காவலர்கள் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பாலத்தின் மேல் ஏற்கனவே வேலையில் இருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை, சாலைக் குழிகளை அடைப்பது. பராமரிப்பு வேலைதான்.

அமெரிக்க விசாரணை வாரியம் 2025 நவம்பரில் காரணத்தைச் சொன்னது. ஆயிரக்கணக்கான ஒயர்களில் ஒரே ஒரு ஒயர். அதில் மாட்டியிருந்த பெயர்ப்பட்டை சரியான இடத்தில் இல்லாததால், ஒயர் அதன் முனையத்துக்குள் முழுசாக இறங்கவில்லை. அதோடு, மின்சாரம் போனால் தானாகத் திரும்ப ஓடாத ஒரு பம்ப், ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தரும் வேலையில் இருந்தது. பாலத்தின் பக்கமும் குறை உண்டு. பெரிய கப்பல் மோதினால் என்னவாகும் என்ற ஆபத்துக் கணிப்பைப் பாலத்தின் பொறுப்பாளர்கள் செய்திருக்கவில்லை.

இதைப் படித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது அந்த ஒயர்தான். உட்கார்ந்திருக்கும் தோற்றத்தில் ஒயர் இருந்தால், பார்த்தவன் 'பார்த்தேன்' என்று உண்மையாகவே எழுதுவான். பார்த்தும் தவறவிட்டவனுக்கும் பார்க்கவே செய்யாதவனுக்கும் வரும் விளைவு ஒன்றாகவே இருக்கலாம். ஊர் இருவரையும் ஒரே சொல்லால் திட்டும். ஆனால் தவறவிட்டவனின் பதிவிலிருந்து நாம் கற்றுக்கொள்ள முடியும்: கண்ணால் பார்ப்பது போதவில்லை, சூட்டைக் காட்டும் கேமரா வேண்டும், இழுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காதவனின் பதிவு நம்மை ஏமாற்ற மட்டுமே செய்யும். பிழையைவிடப் பொய் மோசம் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது.

சரி, அப்படியானால் பழியெல்லாம் டிக் அடிக்கிறவன் தலையிலா? இல்லை. ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், மூன்றாம் இன்ஜினியராக இருந்தவர் தூத்துக்குடிக்காரர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மாதம் துறைமுகங்கள் அடுத்தடுத்து வந்து, ஜெனரேட்டரில் இரண்டு வேலைகள் நின்றுபோயின. அவர் 'செய்யவில்லை, நேரமில்லை' என்று எழுதிவிட்டார். கரையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் மேல் கடிதம். சீஃப் எரிச்சலாகி, டிக் அடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே என்றார். அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, செய்யலன்னு எழுதுனா நூறு கேள்வி கேக்காங்க. செஞ்சேன்னு எழுதுனா ஒரு கேள்வி கிடையாது. அப்போ அவங்களுக்கு எது வேணும்னு நீயே பாத்துக்கோ." ஆனாலும் பதிவை மாற்றவில்லை. அடுத்த நங்கூரத்தில் நாங்கள் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றும் கெட்டிருக்கவில்லை. அவர் பட்ட பாடு வீண் என்று சிலர் சிரித்தார்கள். கிளிஃபோர்ட் சிரித்திருக்க மாட்டார்.

அண்ணன் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அந்த ஓய்வு நேரப் பதிவே பல கப்பல்களில் முதல் பொய்யாக இருக்கிறது. தூங்கியதாக ஒரு பொய் எழுதவைத்துவிட்டு, பேரிங் பற்றி மட்டும் உண்மை எழுது என்று எந்த மனிதனிடமும் கேட்க முடியாது.

கரையிலும் இதுதான் கதை. மால் கழிப்பறைக் கதவில் மணிக்கொரு கையெழுத்துப் போட்ட தாள் தொங்கும். சில நேரம் இனி வரப்போகும் மணிக்கும் சேர்த்துக் கையெழுத்து இருக்கும். எங்கள் ஊர் ஏரி, சேலம் நகரத்துக்கே ஒருகாலத்தில் குடிதண்ணீர் கொடுத்தது. பிறகு சீமைக்கருவேலம் மண்டியது. டாலிக்கு மணியும் நிமிடமும் உண்டு, அதனால் விசாரணையும் உண்டு. ஏரிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இன்றைக்குப் பார்க்காவிட்டால் என்ன என்று விட்டுவிட்ட நாட்கள் அத்தனையும்தான் அதன் தேதி.

யாரும் பார்க்காத இடத்தில் ஏன் உண்மை சொல்ல வேண்டும்? நம் சொல்லை நம்பி ஒருவர் தூங்குகிறார் என்பதற்காக. எழுதுகிறவனுக்கு இந்தப் பதில் போதும். படிக்கிறவருக்கு இன்னொரு கடமை இருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரம்பிய பதிவேடு மேஜைக்கு வரும்போது, நிம்மதியாகக் கையெழுத்துப் போடாமல், இத்தனை வேலைக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். 'பார்க்கவில்லை' என்று ஒருவன் எழுதியிருந்தால் அவனைத் திட்டாமல், எப்போது பார்க்கலாம், யாரைத் துணைக்கு அனுப்பட்டும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற சீஃப் ஒருவரிடம் பிறகு வேலை பார்த்தேன். அந்தக் கப்பலின் பதிவேட்டில் காலிக் கட்டங்கள் நிறைய இருந்தன. அங்கே நான் நன்றாகத் தூங்கினேன்.