அரியணைக்கு முட்டுக்கொடுக்கும் பீடங்கள்

2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில், ரயில் நிலையம் ஒன்றின் அருகே தேர்தல் பிரசாரத்தில் பேசிக்கொண்டிருந்த முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் வைத்திருந்தது தன் கையாலேயே செய்த துப்பாக்கி. கட்சிப் பகை எதுவும் அவனுக்கு இல்லை. அவனுடைய தாய் யூனிஃபிகேஷன் திருச்சபை என்ற மத அமைப்புக்குச் சுமார் 10 கோடி யென் காணிக்கை கொடுத்திருந்தார். கணவர் இறந்தபின் வந்த காப்பீட்டுப் பணமும் குடும்பச் சொத்தும் அதில் கரைந்தன. 2002-இல் அவர் திவாலானார். அந்தச் சபைக்கு நிழல் கொடுத்தவர்களுள் அபேயும் ஒருவர் என்று மகன் நம்பினான். கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆயினும் அதன்பிறகு வெளிவந்தவை அந்த நாட்டின் மனசாட்சியை உலுக்கிவிட்டன.

ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி தன் நாடாளுமன்ற உறுப்பினர்களை விசாரித்தது. 379 பேரில் 179 பேருக்கு அந்தச் சபையோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. சபைக் கூட்டங்களுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பியவர்கள், மேடையேறிப் பேசியவர்கள், தேர்தல் வேலைக்குச் சபையின் தொண்டர்களைப் பெற்றவர்கள் என்று பட்டியல் நீண்டது. அபேயே 2021 செப்டம்பரில் சபை சார்ந்த அமைப்பின் நிகழ்ச்சிக்குக் காணொளி வாழ்த்து அனுப்பியிருந்தார். தொடர்புகளை முழுமையாகச் சொல்லாமல் மழுப்பிய அமைச்சர் தைஷிரோ யமகிவா 2022 அக்டோபரில் பதவி விலக நேர்ந்தது.

இங்கே எழும் கேள்வி ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. மத அமைப்பு ஒன்று, தன் பெயராலும் தன் அடியார்களின் எண்ணிக்கையாலும் ஒரு கட்சியையோ ஆட்சியையோ தாங்கிப் பிடிக்கலாமா? கூடாது என்பதே அறத்தின் விடை. அப்படிச் செய்யும் பீடம் குடியாட்சிக்குத் தீங்கு செய்கிறது. தன்னை நம்பி வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய தீங்கு செய்கிறது.

அந்த வாழ்த்துத் தந்தியையே எடுத்துக்கொள்வோம். அனுப்பியவருக்கு அது நாலு வரிச் சம்பிரதாயம்; உதவியாளர் எழுதி அனுப்பியிருப்பார். சபைக்கோ அது முத்திரை. முன்னோரின் பாவம் தீரும் என்று சொல்லிச் சாடிகளையும் முத்திரைக் கட்டைகளையும் கொள்ளை விலைக்கு விற்ற கூட்டம் அது. பாதிக்கப்பட்டவர்களுக்காக 1987 முதல் வழக்கறிஞர்கள் அமைப்பாகத் திரண்டு போராடிவந்தார்கள். சபைக்கு வாழ்த்து அனுப்பாதீர்கள் என்று அரசியல்வாதிகளிடம் வேண்டியும் பார்த்தார்கள். எம்.பி.யின் பெயர் மேடையில் வாசிக்கப்படும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எஞ்சியிருந்த ஐயமும் போய்விடுகிறது. இவ்வளவு பெரியவர்களே மதிக்கும் இடம் தவறாக இருக்குமா என்று அவள் அடுத்த காணிக்கைக்கு வீட்டை அடகு வைக்கிறாள். தன் வாக்கும் உழைப்பும் போன இடத்திலிருந்தே தன்னை ஏமாற்றுவதற்கான சான்றிதழ் வருவதை அவள் அறியமாட்டாள்.

1997-இல் சபை பெயரை மாற்றிக்கொள்ள முயன்றபோது அதிகாரிகள் இடம் கொடுக்கவில்லை. 2015-இல், அபேயின் ஆட்சியில், அதே பெயர் மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தது. பழைய பெயரில் படிந்திருந்த கறை புதிய பெயரில் தெரியாமல் போயிற்று. கடைசியில் 2025 மார்ச் 25 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சபையைக் கலைக்க உத்தரவிட்டது. 1,500-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 2,000 கோடி யென் இழப்பு என்று அது கண்டது. இத்தனை பேர் அழியும்வரை அரசின் கண் மூடியிருந்ததற்கு, அந்தச் சபை தந்த ஆதரவுக்கும் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

தவக்கோலத்துக்குள் ஒளிந்து தீவினை செய்பவனை, புதருக்குப் பின்னால் பதுங்கிப் பறவை பிடிக்கும் வேடனாகக் காட்டுகிறார் வள்ளுவர், கூடாவொழுக்கம் அதிகாரத்தில். அதே வள்ளுவர், இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பவன் ஒருவனும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார். மதம் அரசுக்குச் செய்யக்கூடிய தொண்டு இந்த இடித்துரைத்தல்தான். ஆதரவை எழுதிக் கொடுத்துவிட்ட பீடம் எந்த வாயால் இடித்துரைக்கும்?

உலகின் சமயங்கள் பலவும் இதை அறிந்தே இருந்தன. பல்லவ மன்னன் ஆணை வந்தபோது அதற்குக் கட்டுப்பட மறுத்துப் பதிகம் பாடினார் திருநாவுக்கரசர். பெத்தேலில் ஏழைகளுக்காகக் குரல் எழுப்பிய ஆமோஸ் தீர்க்கதரிசியை விரட்டியவன் வேறு யாருமில்லை, அந்தக் கோயிலின் ஆசாரியனே. இது அரசனுடைய ஆலயம் என்பதே அவன் சொன்ன காரணம். தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவித்த பேரரசன் தியோடோசியஸ், பகிரங்கமாக மனம் வருந்தும்வரை நற்கருணை பெற முடியாது என்று 390-இல் தடுத்து நின்றார் மிலான் ஆயர் அம்புரோஸ். கலீஃபா அல்-மன்சூர் கொடுத்த நீதிபதிப் பதவியை வேண்டாம் என்று சொல்லிச் சிறை சென்றார் இமாம் அபூ ஹனீஃபா. இவர்களில் ஒருவரும் அரசியலைக் கண்டு ஒதுங்கியவர்கள் அல்லர். அரசனுக்கு எதிரே நின்று பேசுவதற்காகவே அவன் பக்கத்தில் நிற்க மறுத்தவர்கள்.

பெரியபுராணம் இன்னொன்றையும் சொல்கிறது. நாவுக்கரசரை நீற்றறையில் இடச்செய்தது, அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த சமணத் துறவிகளின் தூண்டுதல். பிறகு மன்னன் மனம் மாறிச் சைவனானான். பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எழுப்பினான். எழுதிய சேக்கிழார் சோழ அரசவையில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அரியணையின் குணம் அவருக்குத் தெரியாததா? அரசனின் தயவில் உயர்ந்த பள்ளி, அரசன் மாறிய நாளில் தரைமட்டமாகிறது. சைவமானாலும் சமணமானாலும் இந்த விதிக்கு விலக்கில்லை.

அரசை எதிர்த்து நின்ற சமயமே பின்னர் அரியணைக்குத் தோள்கொடுப்பதும் உண்டு; ஜப்பானிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. போர்க்கால அரசு ஷிண்டோ வழிபாட்டை எல்லார்மேலும் திணித்தபோது, இசே ஆலயத்தின் காப்புச்சீட்டை ஏற்க மறுத்தவர் சோகா கக்காய் அமைப்பின் நிறுவனர் சுனேசபுரோ மகிகுச்சி. 1943-இல் கைதாகி, அடுத்த ஆண்டு நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவர் தொடங்கிய அமைப்பு 1964-இல் கோமெய்தோ கட்சியைப் பிறப்பித்தது. அந்தக் கட்சி 1999-இல் ஆளும் கூட்டணியில் சேர்ந்தது. லிபரல் ஜனநாயகக் கட்சியின் நிதி ஊழலைக் காரணம் காட்டி 2025 அக்டோபரில்தான் வெளியேறியது. அந்த விலகலை வரவேற்கலாம். அரசின் காப்புச்சீட்டைத் தொட மறுத்து உயிர்விட்டவரின் வழிவந்தவர்கள், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூட்டணிக்கு வாக்குத் திரட்டினார்கள் என்பது மட்டும் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பக்தனும் குடிமகன்தானே, அவன் கூடி ஆதரவு தரக்கூடாதா என்று கேட்பார்கள். அந்தணர் நூலுக்கும் அறத்துக்கும் மன்னவன் கோலே அடிப்படை என்று குறளே சொல்லவில்லையா என்றும் கேட்கலாம். பக்தனுக்கு எல்லா உரிமையும் உண்டு. வாக்களிக்கட்டும், கட்சியில் சேரட்டும், தேர்தலில் நிற்கட்டும். குறள் கேட்பதும் மன்னன் அறத்தைக் காக்க வேண்டும் என்றுதான். அறம் மன்னனுக்கு ஆள் பிடிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எல் சால்வடாரின் பேராயர் ரொமேரோ அரசியல் பேசினார். 1980 மார்ச்சில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். அவர் யாருக்கும் வாக்குச் சேகரிக்கவில்லை. மக்களைச் சுடாதீர்கள் என்று படைவீரர்களை மன்றாடினார்.

வாக்கு என்பது ஒருவன் தன் அறிவோடு தனியே செய்யும் தீர்ப்பு. குரு கைகாட்டும் இடத்தில் முத்திரை குத்துபவன் அந்தத் தீர்ப்பை அடகு வைத்துவிட்டான். அவனுக்கு மறுத்துப் பேசும் வழியும் இல்லை. அரசியல்வாதி பொய் சொன்னால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். குரு சொன்னது பொய்யானால் அவரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது? அவருக்கு மாறாக வாக்களிப்பதே பாவம் என்று அஞ்சும் எளியவர்களின் அச்சத்தை மூலதனமாக்குவது சுரண்டலிலும் கொடிய சுரண்டல்.

ஜப்பான் அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு, எந்த மத அமைப்பும் அரசிடம் சலுகை பெறக் கூடாது, அரசியல் அதிகாரம் செலுத்தவும் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் இருந்தும் தந்திகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆகவே காவல் காக்க வேண்டியவர்கள் அடியார்களே. உங்கள் கோயிலோ திருச்சபையோ பள்ளிவாசலோ மடமோ, இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று அறிவிக்கும் நாளில் எழுந்து நின்று கேளுங்கள்: இதற்கு ஈடாக நமக்கு என்ன வாக்குறுதி தரப்பட்டது, யாரிடம், யார் பெயரால்? விடை சொல்ல மறுக்கும் பீடத்துக்கு உங்கள் காணிக்கையையும் கொடுக்காதீர்கள், வாக்கையும் கொடுக்காதீர்கள்.