பகையில்லா ஆட்டம்

நமக்குத் தீங்கு இழைத்தவன்மீது சினம் கொள்கிறோம்; அதற்குக் காரணம் உண்டு. எத்தீங்கும் இழைக்காத ஒருவன் நன்றாக வாழ்வதைக் கண்டு நெஞ்சம் கசக்கிறதே, அதற்கு யாது காரணம்? அறம் உரைத்தோர் இதற்குப் பொறாமை எனப் பெயரிட்டு விலக்கினர். விலக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. அது எங்கிருந்து பிறக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

சொத்தும் உரிமையும் பழம்பகையும் கலந்து கிடக்கும் இடங்களில் இதனைத் தேடினால் விடை குழம்பிவிடும். நியாயமான மனக்குறை எது, வெறும் பொறாமை எது எனப் பிரித்தறிவது அங்கே அரிது. ஆதலின், இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஓரிடத்தில், குடும்பத்தார் கூடியமர்ந்து பொழுது போக்கும் ஓர் ஆட்டத்தில் இதனைத் தேடிப் பார்ப்போம்.

நம் நாட்டுப் பழைய ஆட்டங்கள் பலவும் வெட்டும் சிறையும் உடையவை. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் எதிரெதிர் நிற்கின்றன. புலி ஆட்டைத் தாண்டிக் கொல்லும். ஆடுகள் கூடிப் புலியை நகரவிடாமல் அடைக்கும். தாயத்தில் காய்கள் வெட்டுப்படும். பல்லாங்குழியில் ஒருவர் குழி வறள மற்றவர் கை நிறையும். ‘ராத்தா என் காயை வெட்டிவிட்டாள்’ என்று தங்கை அழுதால், அவ்வழுகையின் காரணம் எல்லார்க்கும் விளங்கும்.

அண்மைக் காலத்தில் மேலைநாடுகளில் வேறுவகை ஆட்டங்களும் பெருகியுள்ளன. அவற்றுள் ஒன்று ‘கேஸ்கேடியா’. ராண்டி ஃபிளின் என்பார் அமைத்த இவ்வாட்டம் 2021ஆம் ஆண்டு வெளிவந்து, மறு ஆண்டே ஜெர்மனியில் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ என்னும் பரிசினைப் பெற்றது. இதில் பகடை இல்லை, பணயமும் இல்லை. வட அமெரிக்காவின் வடமேற்கே, பசிபிக் பெருங்கடலை ஒட்டிய வளமான நிலப்பகுதியே இதன் களம். மலை, காடு, புல்வெளி, சதுப்புநிலம், ஆறு ஆகியவை வரையப்பெற்ற அறுகோண அட்டைகளும், விலங்குகளின் உருவம் பொறித்த மர வில்லைகளும் இதன் கருவிகள். நடுவில் ஓர் அட்டையும் ஒரு வில்லையுமாக 4 இணைகள் எப்போதும் இருக்கும். முறை வரும்போது ஓர் இணையை எடுத்து, அட்டையைத் தம் நிலத்தோடு பொருத்தி, விலங்கை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 20 முறைகள். அத்துடன் ஆட்டம் முடியும்.

விலங்குகளுக்கு அமைந்த விதிகள் இன்பம் தருவன. எளிய முறையில் ஆடுங்கால், கரடி இணையாக இருந்தால் புள்ளி பெறும். எல்க் மான்கள் நேர்வரிசையில் நிற்க வேண்டும். சால்மன் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர வேண்டும். பருந்துக்கு அருகில் வேறொரு பருந்து கூடாது. நரிக்கோ, தன்னைச் சூழ எத்தனை வகை உயிர்கள் உள்ளனவோ அத்தனைப் புள்ளி.

ஒருவர் நிலத்தை மற்றொருவர் அழிக்க இங்கே வழியே இல்லை. நாம் எண்ணியிருந்த சால்மனைத் தம்பி முந்தி எடுத்துக்கொள்ளக் கூடும், அவ்வளவே. அதுவும் பெரும்பாலும் அவன் ஆற்றை நிரப்புவதற்கேயன்றி நம் ஆற்றை வற்றச் செய்வதற்கன்று.

இவ்வளவு அமைதியான ஆட்டத்தின் முடிவில் நிகழ்வது யாது? புள்ளிகள் எண்ணப்படுகின்றன. சற்று முன்புவரை வாப்பா தம் மலைகளையும் காடுகளையும் கண்டு மகிழ்ந்திருந்தார். உம்மாவின் நிலத்துக்குக் கூடுதல் புள்ளி என்று அறிந்ததும் அம்மகிழ்ச்சி சுருங்குகிறது. அவர் நிலத்திலிருந்து ஒரு கரடியும் ஓடிப்போகவில்லை. ஓர் ஆறும் வற்றவில்லை. மாறியது ஒன்றே: மற்றொருவருக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. ஆகவே, பொறாமை பிறப்பதற்கு இழப்பு வேண்டியதில்லை. அளந்து பார்த்தலே போதும் என்பது தெளிவாகிறது.

ஆட்டத்தை அமைதியாக்கினால் மனமும் அமைதியாகும் எனச் சிலர் கருதலாம். எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணியின் வரலாறு இதற்கு விடை கூறும். நிலவுடைமையாளர் வாடகையால் பிறரை வறியராக்கும் கொடுமையை உணர்த்தவே அவர் ஓர் ஆட்டத்தை அமைத்து, 1904இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த ‘மோனோபொலி’ 1935 முதல் பெருவணிகப் பொருளாகியது. பிறரை ஓட்டாண்டியாக்கி மகிழ்வதே அதன் சுவையாகவும் நிலைத்தது. பேராசையைக் கண்டிக்கப் பிறந்த ஆட்டம் பேராசைக்கே விருந்தாயிற்று. பலகையில் எழுதிய விதி தானாகவே நெஞ்சில் ஏறிவிடுவதில்லை.

‘போட்டி இல்லையேல் ஆட்டத்திற்குச் சுவை ஏது?’ என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. முயற்சியும் பொறாமையும் ஒன்றல்ல. முயல்பவன் கண் தன் நிலத்தின்மீது இருக்கும். பொறாமைப்படுபவன் கண் அடுத்தவர் நிலத்தின்மீது இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. தங்கை தன் எல்க் மானைத் தவறான இடத்தில் வைக்கிறாள். அதனால் நம் நிலத்தில் ஒரு புல்லும் கூடுதலாக முளைக்கப் போவதில்லை. எனினும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி தோன்றுகிறதா? தோன்றினால், நாம் தேடிவந்தது அங்கே இருக்கிறது.

இதனைச் சிறு செய்தி எனத் தள்ளிவிட இயலாது. ஒரு தாய் வயிற்றில் பிறந்தோர், எவர் பங்கையும் எவரும் பறிக்காதிருந்தும், ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காமற்போன குடும்பங்களை நாம் அறிவோம். அண்ணன் கடை பெருகியது, தம்பி மகளுக்கு நல்ல இடம் அமைந்தது என்பவற்றைத் தவிர வேறு குற்றம் எதையும் அங்கே காண இயலாது. அப்பிணக்குக்கு விதை எப்போது ஊன்றப்பட்டது என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. பிள்ளைப் பருவத்தில் ஊன்றப்பட்டிருக்கவும் கூடும்.

கேஸ்கேடியாவைத் தனியொருவராகவும் ஆடலாம். அப்போது பொறாமைக்கு இடமில்லை. ஆனால் நம் காட்டைக் கண்டு ‘அழகாயிருக்கிறது’ என்று சொல்லவும் அருகில் ஆளிருக்காது. மனிதர் பருந்துபோல் தனித்து வாழப் பிறந்தவரல்லர். அருகிருப்போர் பலவகையாய் இருப்பதே நரிக்கு ஆக்கம் எனின், மனிதர்க்கு அது எவ்வளவு பெரிய ஆக்கம்!

எனவே, இத்தகைய ஆட்டம் ஆடும் இல்லங்களுக்கு ஒன்று கூறுவோம். புள்ளிகளை எண்ணத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் மற்றவர் நிலத்தைச் சற்றே உற்றுப் பார்த்து, அதில் தமக்குப் பிடித்த ஒன்றை வாய்விட்டுச் சொல்லட்டும். பெரியவர்கள் முதலில் சொல்லட்டும். தன் தோல்வியை அறியுமுன்பே பிறர் நன்மையைக் கண்டு மகிழப் பழகிய பிள்ளை, நாளை அடுத்த வீட்டில் விளக்கு எரியக் கண்டால் தன் வீடு இருண்டுவிட்டதாக எண்ணாது.