மௌனம் சான்றாகுமா?

மெட்டல் டிடெக்டரால் மண்ணில் உலோகம் தேடுபவர், ஹெட்போனில் ஒலி எழவில்லை என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடுகிறார். அப்படி முடிவுகட்ட அவருக்கு உரிமை உண்டா? இன்மையை எப்படி அறிகிறோம் என்பது தத்துவத்தில் பழைய வழக்கு. குமாரில பட்டரின் மீமாம்சை காணாமையைத் தனி அளவையாகவே, அதாவது அறியும் வழியாகவே, ஏற்றது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பட்டியலிலும் அபாவம் (இன்மை) உண்டு. ஆனால், பொருள் இருந்திருந்தால் தென்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருட்டறையில் குடத்தைக் காணோம் என்பதால் குடமே இல்லை என்றாகிவிடாது.

டிடெக்டரின் ஒலி அமைப்பு இந்த நிபந்தனையில்தான் கைவைக்கிறது. இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைக் கூட்டினால், துருப்பிடித்த ஆணியோடு அதை ஒட்டிக் கிடக்கும் வெள்ளிக்காசும் மறைந்துபோகலாம். திரெஷோல்ட் எனும் மெல்லிய ரீங்காரத்தை ஓடவிட்டால், பல கருவிகளில் ஒதுக்கிய இரும்பின்மேல் தேடும் சுருள் (காயில்) போகும்போது அது சட்டென அறுபடும். வெறும் மண்ணில் அறுபடாது. ரீங்காரத்தை அணைத்துவிட்டாலோ இரண்டும் ஒரே அமைதி. அத்தனையையும் கேட்டால் காது களைத்துவிடும், வடிகட்டித்தான் ஆகவேண்டும் என்பார்கள். ஆணிகள் இறைந்த பழைய பண்ணை நிலத்தில் அது நியாயமே. ஆனால் வேலைக்கு வசதியானது அறிவுக்குச் சான்றாகிவிடுமா? 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு தேடிப் போனது தொலைந்த சுத்தியலை; கிடைத்தது ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள். தேடுவதை மட்டுமே மண் வைத்திருப்பதில்லை. ஓர் இடத்தை ‘வெற்று’ என்று குறித்துக்கொள்ளுமுன், எந்த அமைப்பில் கேட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.